பெயர்களுக்கு அடியில் நிலம்

பாபிலோனில் சிறைப்பட்டிருந்த யூதர்கள் ஊர் திரும்பலாம் என்று பாரசீக மன்னன் கோரேஸ் கி.மு. 538-இல் ஆணையிட்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தப் பயணக் கதையைத் தேடி எஸ்றா நூலின் இரண்டாம் அதிகாரத்துக்குப் போனால் ஏமாற்றம்தான். நடந்த வழியைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. பாரோஷ் வம்சத்தார் 2,172 பேர், பெத்லெகேம் ஊரார் 123 பேர், ஆனதோத் ஊரார் 128 பேர் என்று பட்டியல்தான் நீள்கிறது. ஆசாரியர், லேவியர், பாடகர், வாசல் காவலர் என்று வரிசை போய், கடைசியில் 42,360 பேர் என்று மொத்தம் போடுகிறார்கள். 736 குதிரைகள், 6,720 கழுதைகள் என்று கால்நடைகளுக்கும் கணக்கு இருக்கிறது.

இன்றைக்குப் பலரும் புரட்டிவிட்டுப் போகிற பக்கம் இது. ஆனால் திரும்பி வந்தவர்களுக்கு அதுதான் பட்டா. எருசலேம் ஆலயம் கி.மு. 586-இல் இடிக்கப்பட்டு ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. எந்த ஊர் யாருடையது, பலிபீடத்தில் நிற்கும் உரிமை யாருக்கு என்ற கேள்விகளுக்கெல்லாம் வம்ச அட்டவணைதான் விடை சொல்ல வேண்டும்.

அந்த விடை சிலருக்குப் பாதகமாகவே வந்தது. அபாயா, கோசு, பர்சிலாய் என்ற மூன்று குடும்பத்தாரும் தாங்கள் ஆசாரிய வம்சம் என்றார்கள். ஏட்டில் தேடினார்கள், பெயர் இல்லை. பர்சிலாய் குடும்பத்தின் மூதாதை ஒருவர் கிலேயாத்துக்காரரான பர்சிலாயின் மகளை மணந்து, மாமனார் பெயரையே குடும்பப் பெயராக்கிக் கொண்டவர். ஊரீம் தும்மீம் கொண்டு தேவசித்தம் கேட்கக்கூடிய ஓர் ஆசாரியர் வரும்வரை இவர்கள் மகா பரிசுத்தமான படையலைத் தொடக் கூடாது என்று ஆளுநர் தடுத்துவிட்டார். தாங்கள் இஸ்ரவேலர்தானா என்பதையே நிரூபிக்க முடியாத 652 பேரும் கூட வந்திருந்தார்கள். அவர்களையும் அதே பட்டியல் எழுதி வைத்திருக்கிறது.

நிலத்துக்கும் பெயருக்கும் உள்ள கட்டு இன்னும் பழையது. எண்ணாகமம் 26-ஆம் அதிகாரத்தின் குடிக்கணக்கில், ஆண்களின் பெயர்களுக்கு நடுவே மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து பெண்கள் வருகிறார்கள். மனாசே கோத்திரத்துச் செலொப்பியாத்தின் மகள்கள் இவர்கள். மகன் இல்லாமல் செத்ததற்காக எங்கள் அப்பாவின் பெயர் அற்றுப்போக வேண்டுமா, எங்களுக்கும் பங்கு கொடுங்கள் என்று மோசேயிடமும் சபையாரிடமும் நேரில் வழக்காடினார்கள், ஜெயித்தார்கள். நிலம் கோத்திரத்தை விட்டுப் போகாதபடி சொந்தக் கோத்திரத்திலேயே மணம் செய்துகொள்ள வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் பின்னால் சேர்ந்தது.

இதை வெறும் கதை என்று ஒதுக்க விடாத சாட்சி ஒன்று 1910-இல் மண்ணுக்குள்ளிருந்து வந்தது. வட இஸ்ரவேலின் தலைநகராயிருந்த சமாரியாவில் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு தோண்டியபோது, மையால் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. கி.மு. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இன்ன ஆண்டு, இன்ன வட்டாரத்திலிருந்து, இன்னாருக்கு ஒரு ஜாடி பழைய திராட்சரசம் அல்லது எண்ணெய் என்கிற சரக்குக் குறிப்புகள் அவை. அந்த வட்டாரப் பெயர்களில் இரண்டு, நோவாள், ஒக்லாள். மனாசே வம்சத்தின் வேறு சில கிளைப் பெயர்களும் அதே ஓடுகளில் இருக்கின்றன. திர்சாளின் பெயரிலோ ஒரு நகரமே இருந்தது. சமாரியா எழும்புவதற்கு முன் அதுதான் தலைநகரம்.

இந்த ஐவரும் உண்மையில் வாழ்ந்தார்களா என்பதற்கு ஓடுகள் பதில் சொல்வதில்லை. ஆனால் வேதத்தில் அக்கா தங்கையாக நிற்கும் பெயர்கள், நாட்டில் பக்கத்துப் பக்கத்து வட்டாரங்களாக இருந்திருக்கின்றன. யார் யாருக்குப் பிள்ளை என்று சொல்வதுபோலவே, எந்த மண் யாருடைய பங்கு என்பதையும் அந்த அட்டவணை பதிந்து வைத்திருக்கிறது.

பிறப்பை வைத்து அல்லாமல், செய்த வேலையை வைத்து எழுதிய பட்டியலும் உண்டு. எருசலேம் மதிலைக் கட்டிய தட்டார்கள், தைலக்காரர்கள், சல்லூமின் மகள்கள், குனிந்து வேலை செய்ய மறுத்த தெக்கோவா ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாரையும் நெகேமியா குறித்து வைத்திருக்கிறார். அது அடுத்த வாரம்.