சிரிப்பை ஆயுதமாக எடுத்த ‘விமோசனம்’

1929இல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள புதுப்பாளையம் கிராமத்தில் ஒரு மாத இதழ் பிறந்தது. பெயர் ‘விமோசனம்’. ஆசிரியர் ராஜாஜி. துணையாசிரியர் ரா. கிருஷ்ணமூர்த்தி என்ற இளைஞர். பின்னாளில் தமிழ்நாடே ‘கல்கி’ என்று கொண்டாடியவர். இதழுக்கு விஷயம் ஒன்றே ஒன்றுதான்: குடியை ஒழிப்பது.

அந்த ஊரில் ராஜாஜி 1925இல் காந்தி ஆசிரமம் தொடங்கியிருந்தார். கதர், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு மூன்றும் அங்கே ஒரே வேலையின் மூன்று பக்கங்கள். ராட்டையில் நூற்ற கூலி கள்ளுக்கடையில் இறங்கிவிட்டால் கதரால் அந்தக் குடும்பத்துக்கு என்ன பயன்? அந்நாளில் கள்ளுக்கடை, சாராயக்கடைகளை அரசு ஏலம் விட்டது. எடுத்தவர் கட்டிய பணத்தை மீட்க வேண்டும்; அதற்கு ஊர் குடிக்க வேண்டும். சென்னை மாகாண அரசின் பெரிய வருமானங்களில் கலால் வரியும் ஒன்று. ஆக, கூலிக்காரன் வீட்டு அடுப்பு அணைந்தால்தான் கஜானா நிறையும். 1929இல் காங்கிரஸ் மதுவிலக்குப் பிரசாரத்தை ராஜாஜியிடம் ஒப்படைத்தது. மேடைப்பேச்சு எட்டாத வீடுகளுக்கும் போய்ச் சேர ஓர் ஏடு வேண்டியிருந்தது.

அதற்கு அவர் தேர்ந்தெடுத்த ஆளைப் பாருங்கள். கிருஷ்ணமூர்த்தி திரு.வி.க.வின் ‘நவசக்தி’யில் சில ஆண்டுகள் பயின்றவர். 1928இல் எஸ்.எஸ். வாசன் வாங்கிய ‘ஆனந்த விகட’னில் ‘ஏட்டிக்குப் போட்டி’ என்று நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பெயர் வாங்கியவர். ஒழுக்கம் போதிக்க ஒரு பத்திரிகை, அதை நடத்த ஊரைச் சிரிக்கவைக்கும் எழுத்தாளர்! இந்தச் சேர்க்கையில்தான் ‘விமோசன’த்தின் உயிர் இருந்தது. குடிக்காதே என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டுச் சலித்தவர்களுக்கு, அதையே கதையாகக் கேட்கப் பொறுமை இருந்தது. கல்கி அதில் மதுவிலக்குக் கதைகள் எழுதினார்.

அதே காலத்தில் அமெரிக்காவிலும் மதுவிலக்கு நடந்துகொண்டிருந்தது. 1920 ஜனவரியில் அமலுக்கு வந்த சட்டம் 1933 டிசம்பரில் முடிந்தது. அங்கே ‘லைஃப்’, ‘ஜட்ஜ்’ போன்ற நகைச்சுவை இதழ்கள் சட்டத்தையும் அதை விரும்பியவர்களையும் கேலி செய்தன. அங்கே சிரிப்பு குடிப்பவர் பக்கம். இங்கே, குடித்துவிட்டு வருபவனுக்காக வாசலில் காத்திருந்தவள் பக்கம். அங்கே சட்டம் முதலில் வந்தது, கேலி பின்னால் வந்தது. இங்கே சட்டத்துக்கு எட்டு ஆண்டு முன்பே ஏடு வந்துவிட்டது. மனம் பக்குவப்படாமல் சட்டம் நிற்காது என்பதை அந்த ஆசிரமம் உணர்ந்திருந்தது என்றே நான் நம்புகிறேன்.

தெற்கே, திருவிதாங்கூரில், இந்தப் போராட்டத்துக்கு வேறொரு வேர் உண்டு. நெய்யாற்றின்கரைப் பக்கம் அருவிப்புறத்தில் 1888இல் சிவலிங்கம் நிறுவிய ஸ்ரீ நாராயண குரு, மதுவைச் செய்வதும் விற்பதும் குடிப்பதும் கூடாது என்று அறிவுறுத்தினார். கள் இறக்குவதைக் குலத்தொழிலாகச் சுமந்த மக்களையும் நோக்கி அவர் சொன்னது அது. பிழைப்பையே விடச் சொல்லும் துணிவு. பாறசாலை முதல் நாகர்கோவில் வரை தமிழும் மலையாளமும் கலந்து புழங்கிய அந்த மண்ணில் குருவின் வாக்குக்குத் தனி மதிப்பு.

புதுப்பாளையத்திலோ ‘விமோசனம்’ பத்து இதழ்களோடு நின்றது. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை புறப்பட்டுக் கைதானார். கல்கியும் அந்த ஆண்டு சிறை சென்றார். ஆனால் விதைத்தது வீண்போகவில்லை. சென்னை மாகாணப் பிரதமரான ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று முதன்முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். திருச்செங்கோடு அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. இழந்த கலால் வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. இன்று நாம் கடையில் கட்டும் வரிக்கும் அந்தப் போராட்டத்துக்கும் உறவு உண்டு. 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு.

அடுத்த ஆண்டே அந்தச் சிரிப்பு திரைக்கும் வந்தது. நாகர்கோவில் தந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நடிக்க, அண்ணா எழுதிய ‘நல்லதம்பி’ (1949) மதுவிலக்கைச் சொன்னது. ஏடு வாசிக்கத் தெரியாதவரும் கொட்டகையில் உட்கார்ந்து சிரித்தார், சிரித்தபடியே யோசித்தார்.

இன்று தமிழக-கேரள எல்லைக்கு இந்தப்புறம் டாஸ்மாக், அந்தப்புறம் பெவ்கோ. களியக்காவிளையில் நின்றாலும் பாறசாலையில் நின்றாலும் விற்பனையாளர் அரசுதான். திரையிலோ குடிகாரனே நகைச்சுவை நாயகன்; அவன் தள்ளாடினால் கைதட்டுகிறோம், அவன் வீட்டில் அன்று என்ன நடந்தது என்று கேட்பதில்லை. கடையைத் திறப்பதா மூடுவதா என்பது அரசியலின் வாதம், அது நடக்கட்டும். நம் எழுத்தாளர்கள் செய்யக்கூடியது வேறு: யார் பக்கம் நின்று சிரிக்கிறோம் என்று முடிவு செய்வது. கல்கியும் கலைவாணரும் வீட்டின் பக்கம் நின்றார்கள், அதனால் சுவை சிறிதும் குறையவில்லை. இன்றும் ஒரு தமிழ் இதழ் அந்தப் பக்கம் நின்று சிரிக்கலாம். வாசகர்கள் வருவார்கள், அந்த வீடுகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன.