புள்ளலூர்த் தூண்களும் ஒரு போதகரின் வாக்கும்



நாம் வாழும் வாலாஜாபாத், ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர். அவர் காலத்துப் போரின் சுவடு ஒன்று நமக்கு அருகிலேயே இருக்கிறது. காஞ்சிபுரத்துக்கு வடக்கே உள்ள புள்ளலூருக்குச் சென்றால், அந்த அமைதியான கிராமத்தில் இரண்டு பழைய நினைவுத் தூண்களைக் காண்பீர்கள்.

புள்ளலூர் போருக்குப் புதிய மண் அன்று. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் தன் பகைவரை அங்கே வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு கூறுகிறது. அதே மண்ணில் 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் சூழ்ந்துகொண்டனர். பெய்லியுடன் இருந்தவர்கள் ஏறக்குறைய 3,800 பேர். அவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன, படை அழிந்தது.

அந்நேரம் ஜெனரல் மன்றோ பெரும் படையுடன் காஞ்சிபுரத்தில்தான் இருந்தார். உதவிக்கு ஒரு பிரிவை அனுப்பினாரேயன்றி, தாம் தக்க வேளையில் போய்ச் சேரவில்லை. பின்னர்ப் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். சிறைப்பட்ட பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1782-இல் மாண்டார்.

மறு ஆண்டு, 1781 ஆகஸ்ட் 27 அன்று, அதே இடத்தில் மீண்டும் ஒரு போர் நடந்தது. அதில் மடிந்த ஜார்ஜ் பிரவுன், ஜேம்ஸ் ஹிஸ்லாப் என்னும் இரண்டு ஆங்கிலேய அதிகாரிகளின் நினைவாகவே இத்தூண்கள் எழுந்தன. உடன் விழுந்த சிப்பாய்களின் பெயர்கள் அவற்றில் இல்லை. வயல் பாழாகிப் பஞ்சத்தில் செத்த உழவர்களின் பெயர்களும் இல்லை.

பிரியமானவர்களே, அதே போரின் மற்றொரு காட்சியைத் தஞ்சாவூரில் பாருங்கள். கோட்டைக்குள் பசி, வெளியே ஊர்களில் நெல் இருந்தது. ஆயினும் அதை ஏற்றிவர உழவர்கள் மாடு தர மறுத்தனர். முன்பு கொடுத்ததற்கு அவர்களுக்குக் கூலி கிடைக்கவில்லை. அரண்மனையின் சொல்லை அவர்கள் இனி நம்பவில்லை. அப்போது மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர், "உங்களுக்குரிய பணத்துக்கு நான் பொறுப்பு" என்று வாக்களித்தார். மாடுகள் வந்தன, 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சேர்ந்தது. ஐயர் தாம் சொன்னபடியே கூலியைக் கொடுத்துத் தீர்த்தார்.

அரசனை நம்பாத உழவன் ஒரு போதகரை ஏன் நம்பினான்? அதுவரை அவர் சொன்னதும் செய்ததும் வேறாக இருந்ததில்லை, அவ்வளவே. ஹைதர் அலியும் தம் எதிரிகளின் நாட்டில் ஊழியம் செய்த அவரைத் தடையின்றிச் செல்லவிடும்படி தம் படைத்தலைவர்களுக்குக் கட்டளையிட்டிருந்தார்.

இங்கே நம்மை நாமே சோதித்துப் பார்ப்போம். கூப்பிடு தூரத்தில் ஒருவன் துன்பப்படும்போது, ஏதோ கொஞ்சம் அனுப்பிவிட்டுத் தாமதிக்கிறோமா? நம் வயலில் உழைத்தவனுக்கும், நம் தறியில் நெய்தவனுக்கும், வீட்டு வேலை செய்யும் சகோதரிக்கும் பேசிய கூலியைப் பேசிய நாளில் கொடுக்கிறோமா? "அவர் சபைக்குப் போகிறவர், அவர் சொன்னால் நம்பலாம்" என்று நம் தெருவில் ஒருவராவது சொல்வாரா?

அப்போஸ்தலர் நடபடிகள் 10-ஆம் அதிகாரத்தில் கொர்நேலியு என்னும் படைத்தலைவனைப் பார்க்கிறோம். அவனுடைய ஜெபங்களும் தருமங்களும் தேவ சந்நிதியில் நினைவாக எட்டின என்று தூதன் அறிவிக்கிறான். கல்லில் எழுதிய பெயரை வெயிலும் மழையும் தேய்த்துவிடும். பசித்தவனுக்காகக் காப்பாற்றிய வாக்கோ கர்த்தரின் சமுகத்தில் நிலைத்திருக்கும். தூண்களில் இடம்பெறாத சிப்பாயையும் உழவனையும் அவர் பெயர் சொல்லி அறிந்திருக்கிறார்.

அடுத்த முறை புள்ளலூர் வழியாகச் செல்லும்போது, பிள்ளைகளுக்கு அத்தூண்களைக் காட்டுங்கள். இரண்டு கதைகளையும் சொல்லுங்கள்.

ஜெபம்: கர்த்தாவே, அழைக்கும் குரலுக்குத் தாமதியாமல் செல்லும் கால்களையும், சொன்ன சொல் தவறாத நாவையும் எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.