சின்ன டவுனில் வாடகை வீடு: கையெழுத்துக்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

வேலையோ படிப்போ கம்பாரிலோ தஞ்சோங் மாலிமிலோ கிடைத்துவிட்டது. "கே.எல். மாதிரி இல்ல, அங்க வீடு சீப்பா கிடைக்கும்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் சின்ன ஊர்களில் பல வீடுகள் வாய்ப்பேச்சிலேயே வாடகைக்குப் போகின்றன. பிறகு டெபாசிட் திரும்ப வராதபோது, காட்டுவதற்குக் கையில் ஒரு தாள்கூட இருக்காது.

எங்கே தேடுவது?

மூடா, ஐபிராப்பர்ட்டி, ஃபேஸ்புக் குழுக்கள் எல்லாம் ஓர் ஆரம்பம்தான். சின்ன ஊரில் நிறைய வீடுகள் இணையத்துக்கு வருவதே இல்லை. வார இறுதியில் மோட்டாரில் தாமான்களைச் சுற்றி வாருங்கள். கேட்டில் 'உந்தோக் டிசேவா' பலகை தொங்கும். சேரப்போகும் அலுவலகம், சாப்பாட்டுக் கடை, கோயில் என்று எல்லா இடத்திலும் சொல்லி வையுங்கள்.

அபார்ட்மெண்ட் மட்டும்தான் வேண்டும் என்று பார்த்தால் தேர்வு குறையும். தரை வீடு, கடை வீட்டின் மேல்மாடி, நண்பர்களோடு பகிர்ந்து எடுப்பது என எல்லாவற்றையும் பாருங்கள். யூத்தார் உள்ள கம்பார், உப்சி உள்ள தஞ்சோங் மாலிம் போன்ற ஊர்களில், புது மாணவர்கள் வரும் நேரத்தில் அறைகள் வேகமாகப் போய்விடும். அதற்கு முன்பே தேடத் தொடங்குங்கள்.

முதல் நாளில் எவ்வளவு கையில் வேண்டும்?

மாத வாடகை 500 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். மலேசியாவில் வழக்கமாகக் கேட்பது இதுதான்:

- இரண்டு மாத டெபாசிட்: 1,000 ரிங்கிட்
- தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாத டெபாசிட்: 250 ரிங்கிட்
- முதல் மாத வாடகை: 500 ரிங்கிட்

ஆக மொத்தம் 1,750 ரிங்கிட். இது சட்டம் அல்ல, வழக்கம். அதனால் பேசிப் பார்க்கலாம். டெபாசிட்டை இரண்டு தவணையில் கட்டலாமா என்று கேட்பதில் தப்பில்லை.

போக்குவரத்தையும் கணக்கில் சேருங்கள். சின்ன ஊரில் பேருந்தை நம்பி இருக்க முடியாது. 100 ரிங்கிட் குறைவு என்று தூரத்தில் வீடு எடுத்தால், அந்த 100 ரிங்கிட் பெட்ரோலிலேயே போய்விடலாம்.

"நம்ம ஆளுதான், பேப்பர் எதுக்கு?"

இந்த வார்த்தையைக் கேட்டால் கொஞ்சம் நிதானியுங்கள். மலேசியாவில் குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் இன்னும் இல்லை. அதனால் நீங்கள் கையெழுத்துப் போடும் ஒப்பந்தம்தான் உங்களுக்குப் பெரிய பாதுகாப்பு. டெபாசிட் எப்போது, எந்தக் கழிவோடு திரும்ப வரும், பழுதை யார் சரிசெய்வது, எத்தனை மாத நோட்டீஸ் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்துக்கு முத்திரை வரியும் கட்ட வேண்டும். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. ஆண்டு வாடகையின் முதல் 2,400 ரிங்கிட்டுக்கு இருந்த விலக்கு 2025 ஜனவரி 1 முதல் இல்லை. ஓராண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 1 ரிங்கிட். நம் கணக்கில் ஆண்டு வாடகை 6,000, அதனால் வரி 24 ரிங்கிட். கூடுதல் பிரதிக்கு 10 ரிங்கிட். 1,250 ரிங்கிட் டெபாசிட்டைக் காப்பாற்ற இது பெரிய செலவா?

பணம் போடுவதற்கு முன்

வீட்டை நேரில் பார்க்காமல் 'புக்கிங்' பணம் போடாதீர்கள். முகவர் என்றால் ஆர்.இ.என். எண்ணைக் கேளுங்கள். அதை எல்.பி.பி.இ.எச். வாரியத்தின் தளத்தில் சரிபார்க்கலாம். பணம் நிறுவனத்தின் கணக்குக்குப் போக வேண்டும், முகவரின் சொந்தக் கணக்குக்கு அல்ல. சந்தேகம் வந்தால் போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் கணக்கு எண்ணைத் தேடுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 997க்கு அழையுங்கள்.

சாவி வாங்கிய அன்றே ஒவ்வோர் அறையையும், மீட்டரையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்புங்கள். பழைய மின்சார, தண்ணீர் பில் பாக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இனத்தைச் சொல்லி மறுத்தால்?

'இந்தியர்களுக்கு இல்லை' என்ற விளம்பரங்கள் நம்மில் பலர் பார்த்தவைதான். தனியார் வீட்டுக்காரர் இப்படி மறுப்பதை நேரடியாகத் தடுக்கும் சட்டம் இப்போது இல்லை. அதனால் தூரத்திலிருந்து கிளம்பும் முன், போனிலேயே வெளிப்படையாகக் கேட்டுவிட்டால் பெட்ரோலும் நேரமும் மிச்சம். தெரிந்தவர் ஒருவரின் அறிமுகம் இங்கேதான் அதிகம் உதவும்.

வெளியே போகச் சொன்னால்?

ஒப்பந்தம் முடிந்த பிறகும் நீங்கள் குடியிருந்தால்கூட, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வீட்டுக்காரர் உங்களை வலுக்கட்டாயமாக வெளியேற்ற முடியாது. 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், பிரிவு 7(2) இதைச் சொல்கிறது. வாடகை கட்டாமல் இருக்கலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பாக்கிக்கு வழக்கு வரும்.

டெபாசிட் திரும்ப வரவில்லையா? 5,000 ரிங்கிட் வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் நீங்களே வழக்குப் போடலாம், வக்கீல் தேவையில்லை. அங்கே முதலில் கேட்பது ஒப்பந்தத்தையும் பணம் கட்டிய ரசீதையும்தான்.