முதுகில் ஒரு வானொலி நிலையம்!

மாடிப்படி ஏறும்போது திடீரென்று நெஞ்சு படபடக்கிறது. கண் இருட்டுகிறது. பதறியடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறீர்கள். ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள். 'ஒண்ணுமில்லை சார், எல்லாம் நார்மல். டென்ஷனைக் குறைங்க' என்று அனுப்பிவிடுகிறார்கள். வீட்டிலோ 'எல்லாம் மனப்பிராந்தி' என்று முத்திரையே குத்தியாகிவிட்டது!

ஈ.சி.ஜி. பொய் சொல்லவில்லை. ஆனால், அது பார்த்தது சுமார் பத்து விநாடிதான். ஒரு நாளைக்கு 86,400 விநாடிகள். அதற்குள் இதயம் ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடித்துவிடுகிறது. நாள் முழுக்க விஷமம் செய்யும் பையன் ஹெட்மாஸ்டர் அறைக்குள் நுழைந்ததும் கைகட்டி நிற்பதில்லையா? இதயமும் அப்படித்தான்!

ஈ.சி.ஜி-யின் தந்தை, ஹாலந்தைச் சேர்ந்த எய்ந்தோவன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய இயந்திரத்தின் எடை சுமார் 270 கிலோ. நோயாளி உப்புத் தண்ணீர் வாளிகளில் கைகளையும் காலையும் விட்டுக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். 1924-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால், வாளிகள் போன பிறகும் 'அசையாதே' மட்டும் போகவில்லை. மனிதன் என்ன, படுத்துக்கொண்டேவா வாழ்கிறான்?

இந்தக் கேள்வி ஒருவரை விடாமல் துரத்தியது. அவர் டாக்டர் அல்ல! அமெரிக்காவின் மான்ட்டானா மாநிலத்தில், ஹெலினா என்கிற சின்ன ஊரில் 1914-ல் பிறந்த நார்மன் ஜெஃப் ஹோல்ட்டர். இயற்பியல் படித்தவர். 1946-ல் பிகினி தீவில் அமெரிக்கா அணுகுண்டு சோதனை நடத்தியபோது கடல் அலைகளை அளந்த குழுவில் இருந்தவர். ஊர் திரும்பியதும், அலைகளை அளந்த மனிதர் இதயத்தின் அலைகளைப் பிடிக்க உட்கார்ந்துவிட்டார்.

1947-ல் அவர் செய்த கருவியைக் கேட்டால் சிரிப்பீர்கள். முதுகில் கட்டிக்கொள்ளும் ஒரு ரேடியோ டிரான்ஸ்மிட்டர். எடை சுமார் 38 கிலோ. ஒன்றரைச் சிப்பம் அரிசி! அதைச் சுமந்துகொண்டு, நின்ற இடத்திலேயே ஓட்டும் உடற்பயிற்சி சைக்கிளை ஹோல்ட்டரே மிதித்தார். இதயத் துடிப்பு வானொலி அலையாகப் போய் இன்னொரு பக்கம் பதிவானது.

பிறகு டிரான்ஸிஸ்டர் வந்தது. மூட்டை சுமார் ஒரு கிலோவாக இளைத்தது. வானொலிக்குப் பதில் கருவிக்குள்ளேயே டேப்.

அடுத்த தலைவலி... 24 மணி நேரப் பதிவை யார் உட்கார்ந்து பார்ப்பது? டேப்பை 60 மடங்கு வேகத்தில் ஓடவிட்டார் ஹோல்ட்டர். ஒரு நாள் 24 நிமிடத்தில் முடிந்துவிடும்! துடிப்புகள் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் ஒரே படம்போல் தெரியும். கோணலான ஒன்று வந்தால் துள்ளிக்கொண்டு தனியே நிற்கும். 1961-ல் 'சயின்ஸ்' இதழில் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். விரைவிலேயே கருவி விற்பனைக்கும் வந்தது. 1983-ல் காலமானார்.

இன்று 'ஹோல்ட்டர் மாட்டிக்கிட்டு வாங்க' என்று டாக்டர் சொன்னால் பயப்படாதீர்கள். கையடக்கக் கருவிதான். நெஞ்சில் சில ஒட்டுகள், அவ்வளவே. பெரும்பாலான கருவிகளை நனைக்கக் கூடாது, அதனால் அன்று குளியலுக்கு விடுமுறை! மற்றபடி வழக்கம்போல் நடமாடுங்கள், மாடி ஏறுங்கள். கையில் ஒரு குறிப்புத் தாள் தருவார்களே, அதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். 'மாலை 4.10, படபடப்பு' என்று நீங்கள் எழுதிய நேரத்தில் இதயம் என்ன செய்தது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் விஷயமே இருக்கிறது. அந்த நேரத்தில் துடிப்பு சீராக இருந்தாலும் அதுவும் ஒரு பதில்தான்.

மாதத்துக்கு ஒருமுறை வரும் படபடப்பு 24 மணி நேரத்தில் சிக்காமல் போகலாம். அதற்கென்றே இரண்டு வாரம் ஒட்டியிருக்கும் பட்டைகளும், தோலுக்கடியில் வைத்து வருடக்கணக்கில் கண்காணிக்கும் கருவிகளும் வந்துவிட்டன.

எனவே, ஒரு ஈ.சி.ஜி. நார்மல் என்பதற்காக யாரையும் 'மனப்பிராந்தி' என்று ஒதுக்கிவிடாதீர்கள். பத்து விநாடிக்கு வெளியேயும் ஒரு நாள் இருக்கிறது!