காண்டாமிருகத்தின் கழுத்தில் கண்ட சுரப்பி

குரல்வளைக்குக் கீழே தைராய்டு என்னும் சுரப்பி இருப்பதைப் பலரும் அறிவர். அதன் பின்புறத்தை ஒட்டி, அரிசி மணியளவில் நான்கு சிறு சுரப்பிகள் உள்ளன என்பதை அறிந்தவர் சிலரே. பாராதைராய்டு எனப்படும் இவற்றின் வேலை, இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தின் அளவைக் காப்பதாகும்.

இவற்றை மனிதன் முதலில் கண்டது மனித உடலில் அன்று. லண்டன் விலங்குக் காட்சிசாலையில் இருந்த இந்தியக் காண்டாமிருகம் ஒன்று 1849-இல் இறந்தது. அதனை அறுத்து ஆராய்ந்த ரிச்சர்டு ஓவன், தைராய்டை ஒட்டியிருந்த மஞ்சள் நிறச் சிறு சுரப்பியைக் குறித்து வைத்தார். மனித உடலில் அதனைத் தேடிக் கண்டவர் ஐவர் சாண்ட்ஸ்திரோம் என்னும் சுவீடன் நாட்டவர். மாணவராயிருந்தபோதே ஆராய்ச்சியைத் தொடங்கி, ஐம்பது சடலங்களைச் சோதித்து, 1880-இல் கட்டுரை வெளியிட்டார். அன்று அதை மதித்தவர் இலர். மாணவன் சொல்லுக்கு மதிப்புக் கிடைக்கக் காலம் பிடிக்கும் என்பது எங்கள் தொழிலில் உள்ளோர் அறிந்ததே!

பின்னர் நிகழ்ந்த தவறுதான் நாம் ஊன்றி நோக்கத்தக்கது. எலும்பு மென்மையாகி ஒடியும் நோயினால் இறந்தோர் சிலரிடம் இச்சுரப்பி வீங்கியிருக்கக் கண்டனர். நலிந்த எலும்புக்கு உதவவே சுரப்பி வளர்ந்தது என்று கருதினர். வியன்னாவில் ஆல்பர்ட் யானே என்னும் டிராம் வண்டி ஊழியர் எலும்பு நோயால் நடக்கவியலாமற் போனபோது, மருத்துவர் பெலிக்ஸ் மாண்டல் சுரப்பிச் சாற்றைக் கொடுத்தார். பிறர் உடலிலிருந்து எடுத்த சுரப்பியையும் பொருத்தினார். பயனில்லை. 1925-இல் துணிந்து, வீங்கிய சுரப்பியையே அறுத்து நீக்கினார். வலி தணிந்தது, நோயாளி மீண்டும் நடந்தார். எலும்பைக் காக்க வந்ததாக எண்ணிய சுரப்பியே எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் கவர்ந்திருந்தது! சில ஆண்டுகள் கழித்து அவருக்கு நோய் திரும்பியதெனினும், காரணம் எது, காரியம் எது என்பது விளங்கிவிட்டது.

அமெரிக்கக் கப்பல் தலைவர் சார்லஸ் மார்ட்டெலின் கதை இன்னும் துயரமானது. ஆறடிக்கு மேல் உயர்ந்து நின்ற அவர், எலும்பு தேய்ந்து ஏறக்குறைய ஏழு அங்குலம் குறுகினார். ஆறு முறை அறுத்தும் கட்டி அகப்படவில்லை. 1932-இல் ஏழாம் முறை, கழுத்தை விட்டு நெஞ்சுக்குள் தேடியபோது கிடைத்தது. ஆனால் அதற்குள் சிறுநீரகத்தில் கல் அடைந்திருந்தது. சில வாரங்களில் இறந்தார்.

1970-களில் இரத்தச் சோதனை இயந்திரங்கள் பரவியபின், இந்நோய் ஐம்பது வயதைக் கடந்தோரிடம், சிறப்பாகப் பெண்களிடம், மிகுதி எனத் தெரிந்தது. சோர்வு, மலச்சிக்கல், அடங்காத தாகம், மறதி, எலும்பு முறிவு ஆகிய இவையே அதன் குறிகள். இவற்றைக் கண்டதும் நாம் என்ன சொல்கிறோம்? 'வயதாகிவிட்டது' என்கிறோம்! எங்கள் ஜொகூர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய மூதாட்டியர் கூனி நடக்கக் கண்டு நானும் அவ்வாறே சொல்லியிருக்கிறேன். எல்லாக் கூனும் இந்நோய் அன்று. எனினும் ஒருவருக்கேனும் சோதித்துப் பார்த்தோமா?

பெரும்பாலோருக்கு நான்கில் ஒரு சுரப்பியே கெட்டிருக்கும். படமெடுத்து இடம் கண்டு, சிறு கீறல் வழியே அதை நீக்கிவிடலாம். முழு மயக்கம் தாங்காத முதியோர்க்குக் கழுத்தை மட்டும் மரக்கச் செய்து அறுப்பதும் உண்டு. இதயமும் நுரையீரலும் இடங்கொடுத்தால் வயது மட்டும் தடையாகாது. நோய் மெல்லியதாயின் மருத்துவர் அறுக்காமல் கண்காணிப்பதும் முறையே. மறதி தீரும் என்று உறுதி கூற இயலாது. எலும்பு வலுப்பெறும், புதிய கல் தோன்றுவது குறையும். இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருந்தால், அடுத்து அளக்கவேண்டியது பாராதைராய்டு சுரக்கும் நீரின் அளவே.