சீனி இல்லாத விரதமும் கால் கிலோ சீனியும்

இரண்டு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறு, இரண்டு மேசைக்கரண்டி மேப்பிள் பாணி, ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள், ஒரு கிளாஸ் தண்ணி. ஒரு நாளைக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு கிளாஸ். குறைஞ்சது பத்து நாள், விரும்பினால் நாற்பது நாள். சோறு, பாண், பழம், பால் ஒண்டும் இல்லை. இரவில பேதிக்கு ஒரு மூலிகைத் தேத்தண்ணி, காலையில உப்புத்தண்ணி. உடம்புக்குள்ள சேர்ந்திருக்கிற நச்செல்லாம் கழுவுப்பட்டுப் போயிடும் எண்டு சொல்லி, ஸ்டான்லி பரோஸ் என்ற அமெரிக்கர் 1940களில் இந்த 'மாஸ்டர் கிளென்ஸ்' விரதத்தைப் பரப்பத் தொடங்கினார். 1976இல் அது புத்தகமாக வந்தது. 2006இல் பாடகி பியோன்சே, 'ட்ரீம்கேர்ள்ஸ்' படத்துக்காக இதைச் செய்து மெலிந்ததாகச் சொன்ன பிறகு உலகம் முழுக்கப் பிரபலமானது. இண்டைக்கு எங்கட போன்களில வந்து விழுகிற 'டீடொக்ஸ்' வீடியோக்கள் கனக்கத்துக்கு இதுதான் பாட்டன்.

இந்த விரதத்தில சீனி கூடாது. செயற்கை இனிப்பூட்டி கூடாது. தேன்கூடக் கூடாது, அது தேனீ செரித்துக் கக்கினது எண்டது பரோஸின் வாதம். ஆனா மேப்பிள் பாணி கூடும். நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு மேசைக்கரண்டி மேப்பிள் பாணியில் ஏறக்குறைய 12 கிராம் சீனி இருக்கு. பத்துக் கிளாஸ் குடித்தால் இருபது கரண்டி, அதாவது 240 கிராம். கிட்டத்தட்டக் கால் கிலோ. உலக சுகாதார நிறுவனம் ஒரு வளர்ந்த ஆளுக்கு நாளொன்றுக்குச் சொல்லுற மேல் எல்லை சுமார் 50 கிராம். மரத்திலிருந்து வடிந்தால் சுத்தம், கரும்பிலிருந்து பிழிந்தால் அசுத்தம் எண்டால், இங்க 'சுத்தம்' எண்ட சொல்லுக்கு என்னதான் பொருள்?

இதுக்குப் பதில் தேட 19ஆம் நூற்றாண்டுக்குப் போக வேணும். 1880களில் பாரிஸில் ஷார்ல் பூஷார் என்ற மருத்துவப் பேராசிரியர், குடலில் தங்குகிற கழிவு நஞ்சாகி இரத்தத்தில் கலந்து உடம்பைக் கெடுக்குது எண்டார். 'தன்நஞ்சேற்றம்' எண்டு அதைத் தமிழில சொல்லலாம். கிருமிகளை அப்பதான் கண்டுபிடித்துக்கொண்டிருந்த காலம், ஆகவே கேட்டவர்களுக்கு அது நம்பக்கூடியதாக இருந்தது. இலண்டனில் ஆர்பத்நொட் லேன் என்ற பெயர்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர், மலச்சிக்கல்காரர்களின் பெருங்குடலையே வெட்டி எடுக்கிற அளவுக்குப் போனார். 1922இல் டொனல்ட்சன் என்ற ஆய்வாளர் எளிமையான ஒரு வேலை செய்தார். விரும்பி வந்த சிலரின் மலக்குடலில் பஞ்சை அடைத்தார். தலையிடி, சோர்வு, எரிச்சல் எண்டு 'நஞ்சேறின' அறிகுறிகள் எல்லாம் வந்தது. பஞ்சை எடுத்த கையோட போயிட்டுது. பஞ்சில என்ன நஞ்சு? குடல் விரிஞ்சு இழுபட்டதுதான் காரணம். மருத்துவம் அந்தக் கொள்கையை மெல்லக் கைவிட்டது. சனம் கைவிடேல்லை.

அதே காலத்தில் அமெரிக்காவில் பட்டினி ஒரு வைத்தியமாகவும் வேடிக்கையாகவும் வளர்ந்தது. 1880இல் நியூயோர்க்கில் ஹென்றி டானர் என்ற வைத்தியர், ஒரு மண்டபத்தில் சனம் பார்க்க நாற்பது நாள் பட்டினி கிடந்தார். எட்வர்ட் ஹூக்கர் டூயி காலைச் சாப்பாடே வேண்டாம் எண்டு எழுதினார். அந்தக் காற்று கடல் தாண்டியும் வீசினது. மான்செஸ்டரில் காலைச் சாப்பாட்டை விட்டவர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறதை வாசித்துவிட்டு, தென்னாப்பிரிக்காவில் இருந்த காந்தி தானும் தலையிடிக்காக அதை விட்டதைச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

டூயியிடம் கற்றவர்களில் ஒருவர் லிண்டா ஹசார்ட். இவருடைய கதையில நாங்கள் கொஞ்சம் நிண்டுதான் போக வேணும். 1908இல் பட்டினியால் நோய் தீர்ப்பது பற்றிப் புத்தகம் எழுதினார். வோஷிங்டன் மாநிலத்தில் ஒலாலா என்ற சின்ன ஊரில் சிகிச்சை நிலையம் நடத்தினார். எல்லா நோய்க்கும் உணவே காரணம், ஆகவே எல்லா நோய்க்கும் மருந்து ஒண்டுதான். ஒரு நாளைக்கு ஒண்டு இரண்டு கோப்பை மரக்கறி அவிச்ச தண்ணி, மணிக்கணக்கில் எனிமா, முதுகிலும் வயிற்றிலும் அடிக்கிற மாதிரி ஒரு உருவல். 1911இல் பிரித்தானியாவிலிருந்து வசதியான இரண்டு சகோதரிகள் வந்தார்கள். பெரிய வருத்தம் எதுவும் இல்லாதவர்கள். சில மாதங்களில் ஒருவர் இறந்தபோது நிறை 50 இறாத்தல்கூட இல்லை, அதாவது 23 கிலோவுக்கும் குறைவு. அவருடைய நகைகளும் உடுப்புகளும் ஹசார்ட்டின் கைக்குப் போயிருந்தது. 1912இல் நீதிமன்றம் ஹசார்ட்டைக் குற்றவாளி எண்டது. இரண்டு வருஷமளவில் வெளிய வந்தார், நியூசிலாந்து போனார், 1920இல் திரும்பி அதே ஒலாலாவில் இன்னும் பெரிய நிலையம் கட்டினார். நோயாளிகளும் வந்தார்கள். 1938இல் தனக்கே வருத்தம் வந்தபோது தானும் பட்டினி கிடந்து செத்துப்போனார். அவரை வெறும் மோசடிக்காரி எண்டு ஒதுக்க முடியாமல் போறது இந்த இடத்திலதான். அவர் உண்மையாகவே நம்பியிருக்கிறார்.

இவர்கள் எல்லாருக்கும் உணவு முழுக்கவே எதிரி. அப்ப சீனி மட்டும் தனியாக 'அழுக்கு' ஆனது எப்பிடி?

சீனியை அழுக்கெண்டு ஊர்கூடி விலக்கின பெரிய நிகழ்வு ஒண்டு அதுக்கு நூறு வருஷம் முந்தியே நடந்திருக்கு. ஆனா அது வயிற்றுக்காக இல்லை. 1791 ஏப்ரலில் அடிமை வியாபாரத்தை நிறுத்தும் தீர்மானத்தை பிரித்தானிய நாடாளுமன்றம் தோற்கடித்தது. அதே வருஷம் வில்லியம் ஃபொக்ஸ் ஒரு சின்னப் பிரசுரம் போட்டார். கரீபியத் தீவுகளிலிருந்து வருகிற சீனியில அடிமைகளின் இரத்தம் கலந்திருக்கு, அதைத் தேத்தண்ணியில கரைச்சுக் குடிக்கிறவனும் குற்றவாளி எண்டதுதான் சாரம். கணக்கும் போட்டுக் காட்டினார்: கிழமைக்கு ஐந்து இறாத்தல் சீனி பாவிக்கிற குடும்பம் 21 மாதம் அதை விட்டால் ஒரு மனிதன் அடிமையாவதோ கொல்லப்படுவதோ தடுக்கப்படும். சீனியை விட்டவர்கள் மூன்று லட்சம் பேர் இருக்கும் எண்டு தோமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். வீட்டுச் சாமான் வாங்குகிற பெண்கள்தான் இதை முன்னெடுத்தார்கள். அவர்களுக்கு வாக்குரிமை இல்லை, சீனிக் கிண்ணம் கையில இருந்தது.

அடிமைமுறை 1834இல் நீங்கினபோது கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணுமாக இருந்தது. ஒப்பந்தக் கூலிகளாக மொரீஷியசுக்கும் கயானாவுக்கும் நேட்டாலுக்கும் போனவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். 1860இல் நேட்டாலுக்குப் போன முதல் கப்பல் சென்னையிலிருந்துதான் புறப்பட்டது.

20ஆம் நூற்றாண்டில் அழுக்கு எண்ட சொல் தோட்டத்திலிருந்து எங்கட உடம்புக்குள்ள இடம் மாறினது. 1972இல் ஜோன் யூட்கின் என்ற பிரித்தானியப் பேராசிரியர் வெள்ளைச் சீனியின் ஆபத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மூன்று வருஷத்தில் வில்லியம் டஃப்டியின் 'சுகர் புளூஸ்' வந்தது. பரோஸின் புத்தகம் அடுத்த வருஷம். யூட்கின் சொன்னதில ஞாயம் நிறைய இருக்கு. சீனியைக் குறைக்கிறது நல்லது எண்டதில எங்களுக்கும் மறுப்பில்லை. ஆனா 'கூடக் கூடாது' எண்டதும் 'தொட்டால் தீட்டு' எண்டதும் ஒண்டில்லை. இனிப்பூட்டி விஷயத்தில இது இன்னும் தெளிவு. 1879இல் ஃபால்பேர்க் என்ற வேதியியலாளர், ஆய்வுகூடத்திலிருந்து வந்து கை சரியாகக் கழுவாமல் சாப்பிட்டதால் கண்டுபிடிபட்டது சக்கரின். அதில சக்தி இல்லை, சீனியும் இல்லை. இருந்தும் விரதத்துக்கு ஆகாது, ஏனெண்டால் அது 'இயற்கை' இல்லை.

பரோஸின் வைத்தியமும் நீதிமன்றம் வரைக்கும் போனது. இரத்தப் புற்றுநோய் வந்த 24 வயது இளைஞர் ஒருவரை தேசிக்காய்ப் பானம், நிற வெளிச்சம், அழுத்தமான உருவல் எண்டு வைத்துப் பார்த்தார். வயிற்றுக்குள் இரத்தம் பெருகி அவர் இறந்தார். உருவலால் வந்த சாவு அது, பானத்தால் இல்லை. கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1984இல் கொலைத் தீர்ப்பை நீக்கியது. அனுமதியில்லாமல் வைத்தியம் பார்த்த குற்றம் நீங்கேல்லை.

2009இல் பிரித்தானியாவில் இளம் விஞ்ஞானிகள் சிலர், 15 'டீடொக்ஸ்' பொருட்களைச் செய்கிற கம்பனிகளிடம் எந்த நஞ்சை வெளியேற்றுறீங்கள் எண்டு கேட்டார்கள். ஒருவராலும் ஒரு நஞ்சின் பெயரைச் சொல்ல ஏலாமல் போனது. எங்கட சிறுநீரகம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லீற்றர் வடிக்குது, அதுக்கு ஆரும் விளம்பரம் செய்யிறதில்லை.

கந்தசஷ்டிக்கு ஆறு நாள் இளநீரோட இருக்கிற அம்மாமாரையும் இதோட சேர்த்துக் கதைக்கிறவர்கள் இருக்கினம். அந்த விரதம் நேர்த்திக்கு, நஞ்சு கழுவ இல்லை. ஆனா உடம்புக்கு நோக்கம் தெரியாது. ஈரலில் சேமித்த சீனி ஒரு நாளளவில் முடியும், பிறகு கொழுப்பும் தசையும் எரியும். சலரோகத்துக்கு இன்சுலினோ, சீனியை இறக்குகிற குளிசையோ எடுக்கிறவர் மருந்தை மாற்றாமல் பட்டினி கிடந்தால், குளிர்ந்து வேர்க்கும், கை நடுங்கும், கதை தடுமாறும். அப்ப ஆள் நினைவோட இருந்தால் கொடுக்க வேண்டியது தண்ணியில கரைச்ச சீனிதான். இனிப்பூட்டி போட்ட சோடா அங்க உதவாது. நினைவு தப்பியிருந்தால் வாயில ஒண்டும் ஊத்தாமல் உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேணும்.