அடுக்கில் ஒரு குட்டி 2

1908இல் லண்டன் கேம்பர்வெல்லில் கடும் கிட்டப்பார்வை உள்ள குழந்தைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கியது. அங்கே முக்கியக் கருவி புத்தகம் அல்ல, கரும்பலகை. எல்லாம் சாக்பீஸில், பெரிதாக. படித்தால் கண் தேய்ந்துவிடும் என்று டாக்டர்களே நம்பிய காலம் அது.

1913இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ராபர்ட் இர்வின் இதே மாதிரி வகுப்பை ஆரம்பித்தார். ஐந்து வயதிலேயே பார்வை இழந்தவர். அந்தக் குழந்தைகளுக்காக அவர் அச்சிட வைத்த புத்தகங்களின் எழுத்து 36 புள்ளி, அதாவது அரை அங்குலம். ஆனால் நோக்கம் அப்போதும் கண்ணைச் சேமிப்பதுதான். 1964இல் நடாலி பராகாவின் ஆய்வு அதைக் கலைத்தது: மிச்சமிருக்கும் பார்வையைப் பயிற்சியால் நன்றாகப் பயன்படுத்த முடியும்.

சரி, எழுத்தைப் பெரிதாக்கினால் போதுமா? கதைக்குப் போதும். ஒரு எழுத்து தெரியாவிட்டாலும் வாக்கியம் காட்டிக்கொடுத்துவிடும். கணக்கில் அந்தச் சலுகை கிடையாது. அடுக்கில் இருக்கும் 2 உங்களுக்கு 3 ஆகத் தெரிந்தால் அது வேறு கணக்கு.

டொனால்ட் குனூத்தின் டெக் மென்பொருளில் எழுத்து 10 புள்ளி என்றால் அடுக்கு 7, அடுக்கின் மேல் அடுக்கு 5. அதே விகிதத்தில் 18 புள்ளிக்குப் பெரிதாக்குங்கள்: கடைசி அடுக்கு வெறும் 9. 'பெரிய எழுத்து' பக்கத்திலேயே சாதாரண அச்சைவிடச் சின்னது! இன்னும் பெரிதாக்கினால் சமன்பாடு வரியில் அடங்காமல் உடையும்.

ஜெராக்ஸ் இதைத் தீர்க்காது. அடுக்குகளைத் தனியாகப் பெரிதாக்கி, வரியை எங்கே உடைப்பது என்று யோசித்து, யாராவது மறுபடி கோக்க வேண்டும். அது நடக்காத வகுப்பில் கண்ணின் தவறு கணக்கின் தவறாகத் திருத்தப்படும். 'இவனுக்குக் கணக்கு வராது' என்பார்கள்.